படிவத்தில் இல்லாத கட்டம்

காலணியைக் கழற்ற வேண்டாம், வாராஸ்தத்.
இன்று இந்த வீட்டுத் தரையும் தோட்டம்தான்.
விடிய விடிய டயர் எரித்தோம்.
புகை மேலே போயிற்று,
குளிர் கீழே வந்து உட்கார்ந்துகொண்டது.
நாலரைக்குக் கம்பத்து வெப்பமானி
சுழியத்துக்குக் கீழே ஆறு என்றது;
ஐந்துக்கும் அதையே சொன்னது.
அராரத் மலை மட்டும் வழக்கம்போல
எல்லைக்கு அந்தப் பக்கம்
பட்டும் படாமல் வெளுத்துக் கிடந்தது.

காப்பீட்டுப் படிவம் கேட்பது நூறு மொட்டு.
பத்து மரம், மரத்துக்குப் பத்து.
ஒடித்து வைத்திருக்கிறேன், வாளியில்.
இந்தாருங்கள் பிளேடு, புதுசு.
பழைய பிளேடு நசுக்கும்.
நசுங்கினால் உயிருள்ளதும் செத்ததுபோல் தெரியும்,
அப்புறம் நீங்கள் என்னைச் சந்தேகப்படுவீர்கள்.

அறுப்பதற்கு முன்னால் கிளையைக் கொஞ்சம் பாருங்கள்.
இந்த வளையச் சுருக்கத்திலிருந்து மேலே
போன வருஷம்.
ஒரு முழம். கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே
என்ன தாராளம்!
சுருக்கத்துக்குக் கீழே
கணுக்கள் முண்டியடித்து நிற்கின்றனவே,
அது கால்வாயில் எங்கள் முறை தவறிப்போன வருஷம்,
என் கொழுந்தன் ஹ்ராந்தோடு
நான் பேசாமல் இருந்த வருஷம்.
நாங்கள் சமாதானமாகிவிட்டோம்.
மரம் அழித்து எழுதாது.

இந்தப் பிறை, இலை நின்ற தழும்பு.
பிறைக்குள் மூன்று புள்ளி:
தண்ணீர் வந்து சர்க்கரை போன குழாய்களின் வாய்.
காற்று பிய்த்துக்கொண்டு போனதல்ல.
வாயைத் தக்கையால் அடைத்துவிட்டு
மரமே அனுப்பி வைத்த இலை.

தழும்புக்கு நேர் மேலே மொட்டு,
இலைக்கு அக்குள் இருந்த இடம்.
குழந்தைக்குக் காய்ச்சல் என்றால்
வெப்பமானியை எங்கே வைப்போம்?
அங்கேதான்.

நுனியில் தேடாதீர்கள்.
சிரானுக்கு நுனி மொட்டு கிடையாது.
(நீங்கள் படிவத்தில் ஆப்ரிகாட் என்று எழுதுகிறீர்கள்,
எழுதுங்கள், மரத்துக்குக் காது இல்லை.)
கோடை முடிவதற்குள் நுனி தானாகக் கருகி விழும்,
பக்கத்தில் நின்றவன் தலைமைக்கு வருவான்.

சரி, அறுங்கள்.
குறுக்கே. கண்ணாடியை நெருக்கிப் பிடித்து.
செதில் பச்சையாக இருந்தால் நம்பிவிடாதீர்கள்,
செதில் வெறும் மேல்கோட்டு.
நடுவில், கசகசாவை விடச் சின்னதாய்,
காயாகப் போகிற புள்ளி.
பழுப்பு.
பழுப்பு.
பச்சை, ஆமாம், பச்சைதான், எழுதிக்கொள்ளுங்கள்.
பழுப்பு.
பழுப்பு.
இருபதுக்கு மேல் நீங்களே
என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டீர்கள்.

நூற்றில் பதினொன்று.
அழுகிறேன் என்று நினைக்காதீர்கள்,
டயர்ப் புகை இன்னும் கண்ணில் இருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும்.
இந்தக் கணுவில் மூன்று மொட்டு ஒட்டி நிற்கின்றன.
இரண்டு பக்கமும் குண்டாய் இருப்பவை பூ. போய்விட்டன.
நடுவில் ஒல்லியாய் ஒன்று,
அதையும் அறுங்கள்.
பார்த்தீர்களா,
வெள்ளரிப்பிஞ்சு மாதிரிப் பச்சை,
மடித்து மடித்து அடுக்கிய இலை,
ஒன்றுக்குள் ஒன்று, கசங்காமல்.
உயிர், சாவு என்று இரண்டு கட்டம் போட்டவர்
இதை எதில் நிரப்பச் சொன்னார்?

காய்க்காத மரத்துக்கும் தண்ணீர் கட்ட வேண்டும்.
மருந்தடிக்க வேண்டும், கவாத்து செய்ய வேண்டும்.
இந்த ஆண்டு எனக்கு இலை மகசூல்.
யெரெவான் சந்தையில் கிலோ என்ன விலை?

ஆனாலும் ஜூலையில்
அந்த இலையின் அக்குளில்தான்
அடுத்த வருஷத்துப் பூ உட்காரும்.
அதனால் ஓரத்திலாவது எழுதுங்கள், வாராஸ்தத்:
நடு மொட்டு, நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

பேனா எழுதவில்லையா?
மை உறைந்திருக்கும்.
அடுப்புக்கு மேலே கொஞ்ச நேரம் பிடியுங்கள்,
காப்பி பொங்குவதற்குள்
இளகிவிடும்.